விருந்தாளி உண்ணும் நேரம்

பிப்ரவரி 4, 2019, திங்கள்

என் பெயர் நா. அறவாழி. அகவை ஐம்பது. விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றவன். போர்ட் பிளேரில் ஓர் ஆய்வு அலுவலகத்தில் பறவைப் பிரிவைக் கவனிப்பவன். நிக்கோபார்த் தீவுக்கூட்டத்தில் இரப்பர்த் தோட்டம் உள்ள இத்தீவுக்கு இன்று முற்பகல் கப்பலில் வந்து சேர்ந்தேன். நோக்கம் ஒன்றே. தோட்டத்துக்கும் மேற்குக் கடற்கரைக்கும் இடையே எஞ்சியுள்ள காட்டுப் பட்டையில் நிக்கோபார் வல்லூறு வாழ்கிறதா என்பதை உறுதி செய்ய வேண்டும். வாழ்கிறது என்றால் காடு நிற்கும். இல்லை என்றால் புதிய சாலைக்காக அது வெட்டப்படும். மார்ச் முதல் வாரக் கப்பலில் நான் விடையோடு திரும்ப வேண்டும்.

பறவை சிறியது, புறாவின் அளவே இருக்கும். மேலே வெளிர்சாம்பல், மார்பில் மங்கிய செம்மை, வாலின் நுனிக்குச் சற்று மேலே ஒரு கரும்பட்டை. இத்தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. உலகப் பட்டியலில் அதன் நிலை ‘அழிவாய்ப்புள்ள இனம்’. அழிவுக்கு வாய்ப்பு. வாய்ப்பு என்ற நல்ல சொல்லை இங்கே கொண்டுவந்து வைத்தவர் யாரோ தெரியவில்லை.

என் விதி: நானே என் கண்ணால், உடலின் இரு அடையாளங்களைத் தெளிவாகக் கண்டால் மட்டுமே ‘கண்டேன்’ என்று எழுதுவேன். பிறர் சொல் சான்றாகாது.

பிப்ரவரி 5, செவ்வாய்

தோட்டத்தின் பழைய விடுதியில் அறை. கூரை ஓரிடத்தில் ஒழுகுகிறது. கீழே வாளி வைத்தேன். உணவு தருபவர் இராக்கம்மா. பால்வெட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. எதிரே ‘லயம்’ எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் தம்பி வேலாண்டியுடன் வசிக்கிறார். இவர்கள் இலங்கையின் மலைத்தோட்டங்களிலிருந்து ஒப்பந்தப்படி இங்கே கொண்டுவரப்பட்ட தமிழர்கள். இராக்கம்மா அப்போது சிறுமியாம்.

என்னைத் ‘தொரை’ என்கிறார்கள். நான் துரை அல்லேன், அரசு ஊழியன் என்று விளக்கினேன்.

“சரிங்க தொரை” என்றார் இராக்கம்மா.

சோற்றை வைத்ததும் அவர் வாசற்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மதிப்புக் குறைவாக எண்ணிக் காரணம் கேட்டேன். “சாப்பிடுறவுக வாயைப் பாத்துக்கிட்டு இருக்கப்படாதுங்க. கண்ணு பட்டுரும். கூச்சமும் வரும்ல.” மறுசோறு வேண்டுமா என்பதைத் தட்டின் ஓசையைக் கொண்டே அறிந்துகொள்கிறார்.

பின்னர் முற்றத்தில் நின்று, இங்கே வல்லூறு வருவதுண்டா என்று கேட்டேன். அவர் உடனே, குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்த தாய்க்கோழியைப் பார்த்தார். “அந்தப் பேச்சே இங்க வேணாம் தொரை” என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அறியாமை எனக் கொண்டு விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 9, சனி

காட்டின் விளிம்பில், லயத்து முற்றங்கள் ஒருபுறமும் காடு மறுபுறமும் தெரியும்படி, ஒரு மரத்தில் வேலாண்டி எனக்குப் பரண் கட்டிக் கொடுத்தார். நாற்பது வயதிருக்கும்; வாயில் எப்போதும் வெற்றிலை. “தொரை மேல இருந்து விழுந்தா நாங்க என்னத்தன்னு எழுதிக் குடுக்கிறது?” என்று கேட்டார். விழமாட்டேன் என்று உறுதியளித்தேன்.

கண்டவை: பெரும்புறாக்கள், தேன்சிட்டு, நீண்ட வால் குரங்குகள். வல்லூறு காணவில்லை.

பிப்ரவரி 10, ஞாயிறு

மழை. பரண் ஏறவில்லை. துவைத்த சட்டைகள் காயவில்லை.

பிப்ரவரி 13, புதன்

தொலைபேசித் தொடர்பு படகுத்துறையில் மட்டுமே கிடைக்கிறது. மதியம் இரண்டு மணிக்குத் தஞ்சாவூர் வீட்டுக்குப் பேசினேன். மகள் நன்மொழி எடுத்தாள். அம்மா கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். அந்த நேரத்தில் நடை சாத்தியிருக்கும். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

வல்லூறு காணவில்லை.

பிப்ரவரி 15, வெள்ளி

நேற்றும் முன்தினமும் கோழிக்குழம்பு. இன்று மாலை வாளியில் தேங்கிய நீரைக் கொட்ட வெளியே வந்தபோது, எதிர் முற்றத்தில் அக்காளும் தம்பியும் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, அவர்கள் குரல் உரத்தது.

“விருந்தாளிக்கு இன்னிக்கும் கோழிதானா?”

“பின்னே? வந்தா வெறுங்கையோட போற ஆளா அவரு?”

“இப்பிடியே போனா நமக்கு இறகுகூட மிஞ்சாது, அக்கா.”

“சத்தம் போடாதடா. காதுல விழுந்துறப் போகுது.”

விழுந்தது. நான் கோழி கேட்கவில்லை. காய்கறி போதும் என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அது என் தவறு.

விருந்தாளி என்ற சொல் எனக்குப் புதிதன்று. சென்ற பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது மனைவி தமயந்தி ஒரு தலையணையை முன்னறைக் கட்டிலில் போட்டுவிட்டு, “நீங்க வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோற விருந்தாளி. உங்களுக்கு ஏத்த இடம் இதுதான்” என்றாள். நகைச்சுவையாகச் சொன்னாள் என்றே அன்று கருதினேன். அவளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

பிப்ரவரி 16, சனி

இனி எனக்குக் காய்கறி மட்டும் போதும் என்று இராக்கம்மாவிடம் தெரிவித்தேன். “ஏன் தொரை, வயிறு சரியில்லையா?” என்றார். முகத்தில் எந்தக் கள்ளமும் தெரியவில்லை. மனிதர்கள் எவ்வளவு இயல்பாக நடிக்கிறார்கள்.

பிப்ரவரி 18, திங்கள்

காலை முழுதும் பரணில். குளவி ஒன்று கழுத்தில் கொட்டியது, சுண்ணாம்பு தடவினேன்.

மதியம் இறங்கி வரும்போது, இராக்கம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “விடிஞ்சா போதும், விருந்தாளி மரத்து மேல வந்து குந்திக்கிறாரு. கண்ணு ரெண்டும் நம்ம முத்தத்து மேலதான். நான் குளிச்சிட்டு வந்தாலும் அசையறதில்லை.”

அந்தப் பெண் சிரித்தாள். “வெக்கங்கெட்டவரு.”

இது என் வாழ்நாளில் என்மீது சுமத்தப்பட்ட மிக இழிவான பழி. நான் முற்றத்தைப் பார்த்தது உண்மை. வல்லூறுகள் கோழிக்குஞ்சை நாடக்கூடும் என்பதற்காகவே பார்த்தேன். ஆயினும் விளக்கமளிப்பது மேலும் இழிவு. மாலையில் வேலாண்டியை அழைத்து, பரணின் முகப்பைக் கடலை நோக்கித் திருப்பிக் கட்டச் சொன்னேன். முற்றங்கள் இருந்த பக்கத்துக்குத் தென்னங்கீற்றால் மறைப்பும் வைக்கச் செய்தேன்.

“அங்கிட்டு கடலுதானே தொரை இருக்கு? பறவை எங்க இருக்கு?”

“கட்டுங்கள்” என்றேன்.

பிப்ரவரி 19, செவ்வாய்

காணவில்லை.

பிப்ரவரி 20, புதன்

காணவில்லை. கீற்று மறைப்புக்குப் பின்னால், தலைக்கு மேலே எங்கோ, ஏதோ ஒரு பறவை இருமுறை கூவியது. திரும்பிப் பார்க்க மறைப்பை விலக்க வேண்டும். விலக்கவில்லை. பார்க்காததை எழுதுவதில்லை என்பதால் இதையும் எழுதியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 22, வெள்ளி

வேலாண்டியும் இராக்கம்மாவும் மரவள்ளிக்கிழங்கு உரித்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள்.

“விருந்தாளி தனியாத்தான் வர்றாரு. வீட்டம்மா வரக் காணமே?”

“அந்தம்மா எப்பிடி வரும்? அது வீட்டவிட்டு அசையாது. இவரு தேடிக் கொண்டுபோய்ப் போட்டாத்தான் அங்க வயிறு நிறையும்.”

“பாவம், மனுசன் அலையறாரு.”

“பாவமென்ன பாவம். நம்ம வீட்டுலதானே எடுக்கிறாரு.”

என் மனைவி உடன் வரவில்லை என்பதும், மாதந்தோறும் நான் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறேன் என்பதும் இவர்களுக்கு எப்படித் தெரிந்தன? படகுத்துறையில் நான் பேசுவதை யாரோ கேட்டிருக்க வேண்டும். ஒரு திருத்தம் மட்டும் பதிவு செய்கிறேன்: நான் இவர்கள் வீட்டிலிருந்து எதையும் எடுத்ததில்லை.

இரவு உணவைப் பாதியில் நிறுத்தினேன். முதுகு காட்டி உட்கார்ந்திருந்த இராக்கம்மா, “உப்புக் கூடிப்போச்சா?” என்று கேட்டார்.

பிப்ரவரி 25, திங்கள்

காணவில்லை. காய்ச்சல் போலிருக்கிறது. அறையில் பூஞ்சை நாற்றம். தொலைநோக்கியின் கண்ணாடியிலும் பூஞ்சை படர்ந்துவிட்டது. காலையில் துடைத்தேன், மாலையில் மீண்டும் வந்திருந்தது.

பிப்ரவரி 26, செவ்வாய்

இன்று இரண்டு செயல்கள் செய்தேன்.

ஒன்று. காலையில் அக்காளும் தம்பியும் என் அறை வாசலுக்கு முறைப்படி வந்தார்கள். வேலாண்டி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார். வாயில் வெற்றிலை இல்லை.

“தொரைகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்” என்றார். “விருந்தாளி விசயமா.”

கேட்கலாம் என்றேன்.

“இனிமே தாங்காதுங்க. நாங்களும் எத்தன நாளைக்குத்தான் குடுத்துக்கிட்டே இருக்கிறது? நிறுத்திப்புடலாம்னு பாக்குறோம். ஆனா நீங்க காட்டு ஆபீசர். உங்ககிட்ட கேக்காம செஞ்சா நாளைக்குப் பொல்லாப்பு.”

அவர்களுடைய நேர்மையை மதித்தேன். முகத்துக்கு நேரே சொல்ல வந்துவிட்டார்கள். “தாராளமாக நிறுத்துங்கள்” என்றேன்.

இராக்கம்மா தயங்கினார். “சட்டத்துல ஒண்ணும் வந்துராதே?”

“எந்தச் சட்டமும் இல்லை. இதில் உங்களுக்கு எந்தக் கடமையும் கிடையாது.”

“தொரைக்கு மனசு நோகுமோன்னு...”

“நோகாது. நாளை காலையோடு முடித்துவிடுங்கள். முன்பே செய்திருக்க வேண்டியது.”

வேலாண்டி கும்பிட்டார். எதற்குக் கும்பிட வேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டு. படகுத்துறைக்குப் போய் மேலதிகாரியிடம் பேசினேன். “காணவில்லை” என்றேன்.

“காணலைன்னா? இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க சார்.”

காணவில்லை என்பதும் இல்லை என்பதும் வேறுவேறு என்று விளக்கத் தொடங்கினேன். இணைப்பில் காற்றொலி. “சாலைக்காரங்க தினமும் கேக்கிறாங்க. ஒரு வார்த்தைல சொல்லுங்க.”

காய்ச்சல் இருந்தது, நிற்க முடியவில்லை. “இல்லை” என்றேன்.

பிப்ரவரி 27, புதன்

காலையில் நானே அரிசி களைந்து அடுப்பு மூட்டினேன். விறகு ஈரம், ஒரே புகை. அந்தப் புகைக்குள் இராக்கம்மா தட்டோடு வந்து நின்றார்.

“என்ன தொரை கூத்து இது? நான் எதுக்கு இருக்கேன்?”

“நிறுத்திவிடச் சொன்னேனே.”

“எதை?”

“எனக்கு உணவு தருவதை.”

அவர் தட்டைக் கீழே வைத்தார். “நிறுத்தச் சொன்னது விருந்தாளியைத்தானே? அதெல்லாம் விடியறதுக்குள்ளேயே முடிஞ்சிருச்சு. தம்பி ரப்பர் பாலைக் காய்ச்சிக் குச்சியில தடவி, அது குந்துற கெளையில வச்சிருந்தான். வந்து ஒட்டிக்கிச்சு.”

எது என்று கேட்டேன்.

“கோழி குஞ்சு பொரிச்சிருக்கிற வீட்டுல அதோட பேரைச் சொல்லுவாங்களா? சொன்னா கூப்பிட்ட மாதிரி. அதான் விருந்தாளின்னு மரியாதையாச் சொல்றது. எல்லா லயத்துலயும் அப்பிடித்தான்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “தொரை வேற யாரன்னு நெனச்சீங்க?”

சொன்னேன்.

முதலில் சிரித்தார். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். “உங்கள யாரு விருந்தாளின்னு சொன்னது? நீங்க வேலைக்கு வந்த ஆளு. நாங்க எல்லாரும் இங்க வேலைக்கு வந்தவங்கதான்.” என் முகத்தில் எதைக் கண்டாரோ, சிரிப்பை நிறுத்திவிட்டார்.

வேலாண்டி ஒரு சாக்கை எடுத்துவந்து படியில் விரித்தார்.

வெளிர்சாம்பல் முதுகு. மங்கிய செம்மை மார்பு. வாலில் ஒரு கரும்பட்டை. வலச்சிறகு முழுதும் காய்ந்த இரப்பர்ப் பால். ஆண். உடலில் இன்னும் சூடு இருந்தது.

கண்டேன்.

அதே நாள், மாலை

கடமைப்படி அளவெடுத்தேன். சிறகின் நீளத்தை மூன்று முறை அளந்தேன். மூன்றும் வேறுவேறாக வந்தன. அளவுகோலில் குறை இருக்கக்கூடும்.

வயிற்றில் ஒரு பச்சை ஓணான் இருந்தது, கோழிக்குஞ்சு அன்று.

பிப்ரவரி 28, வியாழன்

பரணிலிருந்து கீற்று மறைப்பைப் பிய்த்து எறிந்தேன். முற்றங்களுக்கு அப்பால், காட்டின் விளிம்பிலேயே, உயர்ந்த மரமொன்றின் கவட்டில் சுள்ளிக்கூடு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாள் முதல் அது என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது. கூட்டில் பெட்டை அமர்ந்திருக்கிறது. வால் மட்டும் தெரிகிறது. முட்டையா, குஞ்சா என்று தெரியவில்லை. இந்த இனத்தின் இயல்பு பற்றி நாம் அறிந்தது சிறிது. ஆயினும் இதன் உறவினங்களில் அடைகாக்கும் பெட்டைக்கு ஆணே இரை கொண்டுவரும். ‘அந்தம்மா வீட்டவிட்டு அசையாது.’ எல்லாவற்றையும் எனக்கு உரத்த குரலில் சொல்லியிருக்கிறார்கள்.

காலையிலிருந்து கூவிக்கொண்டிருக்கிறது. இரண்டு கூவல், ஓர் இடைவெளி. இருபதாம் தேதி நான் கேட்டது இதே குரல்.

வேலாண்டி பரணடியில் நின்றார். “தொரை, அது அவ்வளவு பெரிய பறவையா?”

“சிறியது. ஆனால் உலகிலேயே இங்கேதான் இருக்கிறது.”

“எங்களுக்கு அது குஞ்சு திங்கிற பறவை. அவ்வளவுதான் தெரியும்.” நெடுநேரம் தரையைக் காலால் கீறினார். “என்னைப் பிடிச்சுக் குடுத்துருவீங்களா?”

பொய் சொல்ல எனக்கு வராது. சட்டப்படி நான் அறிக்கை தர வேண்டும் என்றேன்.

“நீங்கதானே செய்யச் சொன்னீங்க?”

“ஆம்.”

“அதையும் எழுதுவீங்களா?”

அவர் மிரட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மார்ச் 1, வெள்ளி

எதிர் வீட்டில் அடுப்புப் புகை எழவில்லை. ஆயினும் உணவு வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேசாமல் போனாள். அவள் முதுகு காட்டி உட்காரவில்லை. நின்றுகூடப் பார்க்கவில்லை.

கூவல் நேற்றைவிடக் குறைந்திருக்கிறது.

மார்ச் 2, சனி

கப்பல் வந்துவிட்டது. நாளை காலை திரும்புகிறது.

படகுத்துறையில் முதலில் மேலதிகாரியிடம் பேசினேன். நான் சொன்ன ‘இல்லை’ தவறு. பறவை உண்டு, கூடும் உண்டு, காட்டை வெட்டக் கூடாது என்றேன். ஆண் இறந்ததையும் அறிக்கையில் எழுதுவேன் என்றேன். அவர், “செத்ததை எதுக்கு சார் அறிக்கைல எழுதணும்? கூட்டை மட்டும் எழுதுங்க. உங்களுக்கும் நல்லது, அந்த ஆளுக்கும் நல்லது” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆண் இறந்ததை எழுதாவிட்டால் இங்கே ஓர் இணை வாழ்வதாகக் கணக்காகும். வாழவில்லை. என்னால் இயலாது என்றேன்.

பின்னர் வீட்டுக்குப் பேசினேன். தமயந்தியே எடுத்தாள். நான் இன்னும் சில வாரங்கள் இங்கேயே இருக்க நேரும், அதற்குப் பின் என்மீது விசாரணையும் வரலாம் என்றேன். காரணம் கேட்டாள். விருந்தாளி என்ற சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்றேன். “நான் சொன்னதை அவ்வளவு நாளா மனசுல வச்சிருந்தீங்களா?” என்றாள். ஆம் என்பதற்குள் இணைப்பு அறுந்தது. மீண்டும் முயன்றேன், கிடைக்கவில்லை.

திரும்பி வந்து இராக்கம்மாவின் வாசலில் நின்று, என் அறிக்கையை அவருக்குப் படித்துக் காட்டினேன். அதன் முதல் வரி: ‘இப்பறவையைக் கொல்ல வாய்மொழி அனுமதி அளித்தவன் நா. அறவாழி.’ வேலாண்டியின் பெயர் இரண்டாம் வரியில் வருகிறது. அதை நீக்க முடியாது என்றும், அவருக்காக நானே நீதிமன்றத்தில் சான்று சொல்வேன் என்றும் கூறினேன்.

“உங்க பேரு மேல, அவன் பேரு கீழ. ரெண்டும் ஒரே காகிதந்தானே” என்றார் இராக்கம்மா. மன்னிப்பு எதுவும் அதில் இல்லை. நானும் கேட்கவில்லை.

தின்பதற்கு அந்தப் பெட்டைக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டேன்.

“நான் வளத்த குஞ்சை நானே அதுக்குப் போடவா?” என்றார். நியாயம். சற்றுப் பொறுத்து, உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: “ஈர்க்குல சுருக்குப் போட்டு ஓணான் பிடிக்கத் தெரியுமா உங்களுக்கு?”

தெரியும். பள்ளி நாட்களில் பிடித்திருக்கிறேன்.

கூடு கட்டிய காட்டுப் பறவைக்கு இரை வைப்பது என் துறையின் விதிகளுக்கு முரணானது. அதை நானே இளையவர்களுக்குக் கற்பித்திருக்கிறேன். அது கீழிறங்கி எடுக்குமா என்பதும் ஐயமே. எடுக்காது என்பதற்கே மிகுதியான காரணங்கள் உள்ளன.

நாளைக் கப்பலில் நான் ஏறமாட்டேன். அறிக்கையை மாலுமியிடம் கொடுத்தனுப்புவேன். விடிந்ததும் ஈர்க்குச் சுருக்கோடு காட்டு விளிம்புக்குப் போய், ஓணான் பிடித்து, கூட்டுக்கு நேர்கீழே உள்ள கிளையில் கட்டிவைப்பேன். பின்பு சற்றுத் தள்ளி, கடலைப் பார்த்து, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். அது வந்ததா, உண்டதா என்பதை என் கண்ணால் காணமாட்டேன். விருந்தாளி உண்ணும்போது பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.